பெரிய கெப்பாசிட்டர் போட்டும் பேஸ் ஏறவில்லையே?

கேள்வி: கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் டியூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ் பெடல் ஒன்றை நானே சால்டர் செய்து கட்டினேன். பேஸே இல்லாமல் ஒலி மெலிந்து வருகிறது. உள்ளீட்டில் இருந்த 0.02 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைக் கழற்றிவிட்டு 1 மைக்ரோஃபாரட் போட்டும் துளி மாற்றம் இல்லை. விலை கூடிய ஃபிலிம் கெப்பாசிட்டர் வாங்கினால் சரியாகுமா?

பதில்: வாங்காதீர்கள், நீங்கள் கை வைத்த இடம்தான் தப்பு. கெப்பாசிட்டர் தனியாக டோனைத் தீர்மானிப்பதில்லை, எந்த ரெசிஸ்டரோடு ஜோடி சேர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். 2π, ஓம், ஃபாரட் மூன்றையும் பெருக்கி, வந்ததால் 1-ஐ வகுத்தால் வெட்டு, அதாவது எதற்குக் கீழே ஒலி குறையத் தொடங்குகிறதோ அது, எந்த ஹெர்ட்ஸில் விழுகிறது என்று தெரிந்துவிடும். உங்கள் உள்ளீட்டில் 0.02-க்கு ஜோடி 510 கிலோ ஓம், கணக்குப் போட்டால் சுமார் 16 ஹெர்ட்ஸ். கிட்டாரின் தடித்த ஈ கம்பியே 82 ஹெர்ட்ஸ்தான், அப்படியிருக்க அங்கே எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் காதுக்கு எப்படித் தெரியும்?

பேஸ் குறைவது, சிக்னலைப் பெருக்கும் சிப்பான ஆப்-ஆம்பின் மைனஸ் காலிலிருந்து கிரவுண்டுக்கு இறங்கும் 4.7 கிலோ ஓம், 0.047 மைக்ரோஃபாரட் ஜோடியில். அதன் வெட்டு 720 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே உள்ள ஒலி அறுபட்டுப் போவதில்லை, இறங்க இறங்கப் பெருக்கம்தான் குறைகிறது, அதனால் மேல் சுரங்கள் டிஸ்டார்ஷனில் நிமிர்ந்து நிற்க, பேஸ் பின்னால் பதுங்கிவிடுகிறது. 473 (0.047-இன் குறியீடு) என்று அச்சிட்ட அந்தக் கெப்பாசிட்டரை எடுத்துவிட்டு 0.068 போடுங்கள், வெட்டு 500-க்கு இறங்கும். 0.1 போட்டால் 340. கெயினை (பெருக்கத்தின் அளவை) குறைவாக வைத்து வாசிப்பவருக்கு 0.1 அருமையாக இருக்கும், ஆனால் முழுக்கத் திருப்பி ஒரு கார்டு அடித்துப் பாருங்கள், கீழ்க்கம்பிகள் கூழாகக் குழையும். அதைத் தவிர்க்கத்தான் அந்த வெட்டே இருக்கிறது, எனவே நான் 0.068-இல்தான் தொடங்குவேன். அந்த இடத்தில் ஒரு சின்ன சாக்கெட் வைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் சால்டரைச் சுட வைக்காமல் மாற்றி மாற்றிக் கேட்கலாம்.

அப்புறம், ஃபிலிம் விஷயம். சில வகை செராமிக்குகளின் மதிப்பு வோல்டேஜுக்கு ஏற்ப நகரும், தட்டினால் சத்தமும் வரும், அதனால் சிக்னல் போகும் பாதையில் சாதாரண ஃபிலிம் போடுவது நல்லது, அதற்கு மேல் செலவு வேண்டாம். ஒரே மதிப்பு அச்சிட்ட இரண்டு கெப்பாசிட்டர்களே 10 சதவீதம் வரை முன்பின் இருக்கும், பிராண்டு மாற்றினேன், ஒலி மாறியது என்பவர்களில் பலர் கேட்பது இந்த வித்தியாசத்தைத்தான். மீட்டரில் அளந்துவிட்டு ஒப்பிடுங்கள்.