கொடைக்கானல்ல ஏரி, பில்லர் ராக்ஸ், குணா குகை தவிர ரெண்டு நாள்ல வேற என்ன பார்க்கலாம்?

குடும்பத்தோட போறோம், கூட்டம் இல்லாத இடமா சொல்லுங்கன்னு கேட்டிருக்கீங்க. என் பதில் ஒண்ணே ஒண்ணுதான், ரெண்டாவது நாள் முழுசையும் மேல்மலை கிராமங்களுக்கு, அதாவது டவுனைத் தாண்டி இருக்கற பூம்பாறை, மன்னவனூர் மாதிரி ஊருங்களுக்குக் குடுத்துடுங்க.

முதல் நாள் டவுனுக்குள்ள இருக்கறதைப் பாருங்க. ஏரி தவிரன்னு கேட்டாலும் காலையில ஒரு தடவை நடந்து பாருங்க, 1863ல வெட்டினது, சுத்தி வர கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர், விடிஞ்சதும் நடந்தா வண்டி தொல்லை இருக்காது. பள்ளத்தாக்கு ஓரமா நடக்கற பாதையான கோக்கர்ஸ் வாக்குக்கும் காலையிலயே போயிடுங்க, மேகம் மூடிட்டா பள்ளத்தாக்கு ஒண்ணும் தெரியாது. கிளம்பறதுக்கு முன்னாடி வண்டிக்கு ஆன்லைன்ல இ-பாஸ் போட மறக்காதீங்க, 2024 மே மாசத்துலருந்து அது கட்டாயம். சின்ன பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலும் வேண்டாம், வீட்டுலருந்தே எவர்சில்வர் பாட்டில்ல எடுத்துட்டுப் போங்க.

இப்ப மேல்மலைக்கு வர்றேன். டவுன்லருந்து 18 கிலோமீட்டர் போல போனா பூம்பாறை. ஊர் வர்றதுக்கு முன்னாடி ரோட்டு மேலருந்தே மொத்த ஊரும் தெரியும், நடுவுல நெருக்கமா வீடுங்க, சுத்தி படிப்படியா இறங்குற தோட்டம், பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ்னு ஒவ்வொரு படியும் ஒவ்வொரு பச்சையா இருக்கும். முக்காவாசிப் பேரு அங்கயே நின்னு போட்டோ எடுத்துட்டு வண்டியைத் திருப்பிடுறாங்க, முதல் தடவை நானும் அப்படித்தான் திரும்பி வந்தேன், இப்ப நெனச்சாலும் வருத்தமா இருக்கு.

அடுத்த தடவை ஊருக்குள்ள இறங்கி குழந்தை வேலப்பர் கோயிலுக்குப் போனேன், முருகன் சிலை போகர் சித்தர் ஒன்பது பாஷாணம் கலந்து செஞ்ச நவபாஷாண சிலைன்னு அந்த ஊர்ல நம்பிக்கை. சாமி கும்பிட்டுட்டு தெருவுல நடந்து வந்தா ஒரு வீட்டு வாசல்ல பாட்டி ஒருத்தங்க பூண்டு உடைச்சுட்டு இருந்தாங்க, பெரிய பல்லு ஒரு பக்கம் விதைக்கு, சின்னது ஒரு பக்கம் குழம்புக்குன்னு கை பாட்டுக்கு பிரிக்குது, பார்வை என் மேல. உள்ள பார்த்தா கூரைக்குக் கீழ பூண்டைத் தாளோட கட்டுக்கட்டா தொங்க விட்டிருக்காங்க, அடுப்புப் புகை பட்டாதான் பூச்சி அண்டாது, விதை கெடாம நிக்கும்னு சொன்னாங்க. "இந்தாய்யா, ரசத்துல தட்டிப் போடச் சொல்லு"ன்னு ஒரு பூண்டைக் கையில குடுத்தாங்க, சட்டைப் பையில போட்டது, மலை இறங்கி வத்தலகுண்டு வந்தும் வாசனை போகல. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல புவிசார் குறியீடு கிடைச்சது எதுக்குன்னு எனக்கு அன்னிக்குத்தான் விளங்குச்சு. இங்க விளையறது பெரும்பாலும் பெரியகுளம் பக்கம் வடுகபட்டி பூண்டுச் சந்தைக்குத்தான் போகும். முடிஞ்சா நீங்க ஊர்லயே விவசாயி கையிலருந்து நேரா வாங்குங்க, தயவுசெஞ்சு பேரம் பேசாதீங்க.

இன்னொண்ணு கண்டிப்பா சொல்லணும். அது நம்ம பார்க்கறதுக்காக போட்ட தோட்டம் இல்ல, அவங்க பொழப்பு. ஒரு தடவை யாரோ ஒரு குடும்பம் போட்டோவுக்காக கேரட் பாத்திக்குள்ள புள்ளைங்களை இறக்கி நிறுத்தினாங்க, தோட்டக்காரர் மம்பட்டியைப் பிடிச்சுட்டு ஒண்ணும் பேசாம பார்த்துட்டே நின்னாரு, எனக்கு மனசே கேக்கல. வரப்புல நடங்க, கேட்டுட்டு இறங்குங்க, அவ்வளவுதான், கேட்டா அவங்களே கூட்டிட்டுப் போய்க் காட்டுவாங்க.

பூம்பாறை தாண்டி மன்னவனூர் போங்க, புல்வெளியும் ஏரியுமா இருக்கும், மத்திய அரசோட ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணையும் அங்கதான், கம்பளி ரோமத்துக்கு வளர்க்கிற பாரத் மெரினோ ஆடும் முயலும் இருக்கு, குழந்தைங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். நேரம் இருந்தா கவுஞ்சி, பூண்டி வழியா கிளாவரை வரைக்கும் போகலாம், அதுக்கு அந்தப் பக்கம் கேரளா மலை. பெட்ரோலும் கையில காசும் டவுன்லயே பார்த்துக்கோங்க.

திரும்பும்போது இருட்டறதுக்குள்ள டவுனுக்கு வந்துடுங்க. வழியில காட்டுமாடு நின்னா ஹார்ன் அடிக்காம, வண்டியை விட்டு இறங்காம, அது தானா ரோட்டைத் தாண்டற வரைக்கும் நில்லுங்க.