ஜே.பி. ஜெயரத்தினம்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

சிங்கப்பூர் அரசியல்வாதி ஜே.பி. ஜெயரத்தினம் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராக முப்பது ஆண்டு இருந்தவன் நான். அதனால் தீர்ப்புகளைப் பற்றிக் கேட்டால் நீளமாகச் சொல்வேன், மற்றதற்கு ஓரிரு வரிதான் வரும். தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். அவருக்கு எதிரான காசோலை வழக்கு வேறு, அவதூறு வழக்குகள் வேறு, திவால் வேறு. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பினால் அவர் கதையே புரியாது.

யாழ்ப்பாணத்தவரா, சிங்கப்பூர்க்காரரா? (திருச்சியிலிருந்து ஒருவர்)

பிறந்தது 1926 ஜனவரி 5, யாழ்ப்பாணத்தில். வளர்ந்தது மலாயாவில். ஆங்கிலிக்கன் கிறிஸ்தவக் குடும்பம். லண்டனில் சட்டம் படித்து, சிங்கப்பூர் சட்டத்துறையில் சேர்ந்து நீதிபதியாகவும் அரசு வழக்கறிஞராகவும் இருந்து, 1963-ல் வெளியே வந்து தனியாகத் தொழில் செய்தார். 1971-ல் எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சியின் தலைமைச் செயலாளர் ஆனார்.

லீ குவான் இயூ போட்ட அவதூறு வழக்கால்தானே நாடாளுமன்றப் பதவி போனது?

இல்லை. 1976 தேர்தல் கூட்டத்தில் பேசியதற்காக அன்றைய பிரதமர் லீ வழக்குத் தொடுத்தார், 1,30,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இழப்பீடு விதித்தார்கள். ஆனால் ஆன்சன் தொகுதி இடைத்தேர்தலில் ஜெயரத்தினம் ஜெயித்தது 1981-ல், அந்தத் தீர்ப்புக்குப் பிறகு. அவதூறு வழக்கில் தோற்றால் பணம் போகும். பதவி அதனால் மட்டும் போகாது. பதவி போன கதை கீழே வருகிறது.

ஆன்சனில் எப்படி ஜெயித்தார்? அதற்கு முன் எத்தனை முறை தோற்றார்?

ஐந்து முறை தோற்றார். 1972-ல் ஃபேரர் பார்க், 1976-ல் கம்போங் சாய் சீ, 1977-ல் ராடின் மாஸ் இடைத்தேர்தல், 1979-லும் 1980-லும் தெலுக் பிளாங்கா. அப்புறம் ஆன்சன் எம்.பி. தேவன் நாயர் நாட்டின் அதிபராகப் போனதால் ஆன்சன் காலியானது. 1981 அக்டோபர் 31 அன்று ஜெயரத்தினத்துக்கு 7,012 வாக்கு, ஆளும் மக்கள் செயல் கட்சியின் பாங் கிம் ஹின்னுக்கு 6,359. வித்தியாசம் 653 தான். ஆனால் சுதந்திரத்துக்குப் பிறகு தேர்தலில் ஜெயித்து உள்ளே போன முதல் எதிர்க்கட்சிக்காரர் அவர்.

காரணம் கேட்டால், துறைமுக ஆணையத்தின் குடியிருப்பில் இருந்தவர்களை முதலில் சொல்வேன். கொள்கலன் முனைய விரிவாக்கத்துக்காக வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள், மாற்று வீடு பற்றி மனக்கசப்பு இருந்தது. பேருந்துக் கட்டணமும் அப்போது ஏறியிருந்தது. ஆளுங்கட்சிப் பிரசாரத்தை நடத்தியவர் பின்னாளில் பிரதமரான கோ சோக் டோங். 1984 பொதுத்தேர்தலிலும் ஆன்சன் அவரையே தேர்ந்தெடுத்தது, இந்த முறை இன்னும் கூடுதல் வித்தியாசத்தில்.

பதவி எப்படிப் போனது? விவரமாகச் சொல்லுங்கள் ஐயா. (சட்டக் கல்லூரி மாணவி, மதுரை)

நல்ல கேள்விம்மா, பொறுமையாகப் படியுங்கள்.

பாட்டாளிக் கட்சி ஆளுங்கட்சி எம்.பி. ஒருவர்மேல் அவதூறு வழக்குப் போட்டுத் தோற்றிருந்தது. எதிர்த்தரப்பின் வழக்குச் செலவைக் கட்சிதான் கட்ட வேண்டும். அந்தக் காலத்தில் கட்சிக்கு வந்த சில நன்கொடைக் காசோலைகள் கட்சிக் கணக்கில் போகவில்லை. அந்த எதிர்த்தரப்பிடம் பணம் போகாமல் இருக்க வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள், கட்சிக் கணக்கைப் பற்றிப் பொய்யான உறுதிமொழியும் கொடுத்தார்கள் என்று ஜெயரத்தினம் மேலும் கட்சித் தலைவர் வோங் ஹோங் டாய் மேலும் குற்றம் சாட்டினார்கள். சம்பந்தப்பட்ட தொகை மொத்தமே சில ஆயிரம் வெள்ளி.

1984 ஜனவரியில் மூத்த மாவட்ட நீதிபதி மைக்கேல் கூ பெரும்பாலான குற்றச்சாட்டுகளிலிருந்து இருவரையும் விடுவித்தார். அரசுத் தரப்பு மேல்முறையீட்டுக்குப் போனது, மறுவிசாரணை வந்தது. 1986 நவம்பரில் கடைசியாக நின்ற தண்டனை ஒரு மாதச் சிறையும் 5,000 வெள்ளி அபராதமும்.

இப்போது அபராதத் தொகையைப் பாருங்கள். அரசியலமைப்புச் சட்டப்படி அப்போது 2,000 வெள்ளியோ அதற்கு மேலோ அபராதம், அல்லது ஓராண்டோ அதற்கு மேலோ சிறை என்றால் எம்.பி. பதவி போகும், ஐந்தாண்டுக்குத் தேர்தலில் நிற்கவும் முடியாது. சிறைத் தண்டனை ஒரு மாதம்தான், அது அவரைத் தொட்டிருக்காது. தொட்டது அந்த 5,000 வெள்ளி. ஆன்சன் மக்கள் இரண்டு முறை அனுப்பிய ஆளை அபராதச் சீட்டில் இருந்த ஓர் எண் வெளியே அனுப்பியது. எனக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை.

மைக்கேல் கூ பிறகு தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகத்துக்கு மாற்றப்பட்டார். அதில் அரசின் தலையீடு இருக்கிறது என்று ஜெயரத்தினம் நாடாளுமன்றத்தில் கேட்டார். 1986-ல் விசாரணை ஆணையம் வைத்து அதற்கு ஆதாரமில்லை என்றார்கள்.

பிரிவி கவுன்சில் அவரை நிரபராதி என்று சொன்னதே, ஏன் பதவி திரும்பவில்லை? (அதே மாணவி)

தண்டனைக்குப் பிறகு 1987-ல் அவரை வழக்கறிஞர் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அந்த நீக்கத்தை எதிர்த்து, அன்றைக்கு சிங்கப்பூருக்கும் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போக வழி இருந்தது. குற்றத் தீர்ப்பை எதிர்த்துப் போக வழி இல்லை. மறுவிசாரணை மாவட்ட நீதிமன்றத்தில் நடந்ததால் மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தோடு முடிந்துவிட்டது. ஆகவே பிரிவி கவுன்சில் முன்னால் இருந்தது தொழில் உரிமை பற்றிய வழக்கு மட்டும்.

1988 அக்டோபரில் அவர்கள் அவரை மறுபடி பட்டியலில் சேர்த்தார்கள். அதோடு நிற்கவில்லை. செய்யாத குற்றத்துக்காக இருவரும் அபராதமும் சிறையும் அவமானமும் அனுபவித்தார்கள், இது கொடிய அநீதி என்ற பொருளில் எழுதினார்கள். ஆனால் குற்றத் தீர்ப்பை ரத்து செய்யும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. மிச்சமிருந்தது அதிபரின் மன்னிப்பு. 1989-ல் அதிபர் வீ கிம் வீக்கு மனு போனது, மறுத்துவிட்டார்கள். வருத்தம் தெரிவிக்கவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். குற்றமே செய்யவில்லை என்பவர் எதற்கு வருத்தம் தெரிவிப்பார்? அப்புறம் சட்டமும் மாறியது, வழக்கறிஞர் ஒழுங்கு வழக்குகளைப் பிரிவி கவுன்சிலுக்குக் கொண்டுபோகும் வழி அடைபட்டது.

அவதூறு வழக்கில்தானே சிறைக்குப் போனார்? (மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்)

இல்லை. காசோலை வழக்கில். மூன்றையும் கலக்காதீர்கள் என்று முதலிலேயே சொன்னேன்.

மலேசியாவின் சாமிவேலுவோடு ஒப்பிட முடியுமா?

அவர் ஆளும் கூட்டணியில் அமைச்சராக இருந்தவர். இது வேறு நாடு, வேறு கதை. மலேசிய அரசியலைக் கூர்ந்து பார்ப்பவர்களிடம் கேளுங்கள்.

தமிழ் மொழி வாரம் பற்றி எழுதியதற்காகத் தமிழர்களே அவரை ஓட்டாண்டி ஆக்கினார்கள் என்கிறார்களே, உண்மையா? (சென்னை)

பாதி உண்மை. பாட்டாளிக் கட்சியின் 'ஹேமர்' ஏட்டில் 1995-ல் தமிழில் ஒரு கட்டுரை வந்தது. தமிழ் மொழி வாரத்தை நடத்தியவர்களைக் கடுமையாகச் சாடியது. ஏற்பாட்டுக் குழுவினர் வழக்குப் போட்டார்கள், ஆளுங்கட்சியின் இந்திய எம்.பி.க்கள் சிலரும் போட்டார்கள். ஏட்டுக்குப் பொறுப்பாசிரியர் என்ற முறையில் ஜெயரத்தினமும் மாட்டினார். இழப்பீட்டைத் தவணையில் கட்டிவந்தார். ஒரு தவணை தவறியதும் 2001 ஜனவரியில் திவாலானவர் என்று அறிவிக்கப்பட்டார். திவாலானவர் நாடாளுமன்றத்தில் இருக்க முடியாது.

பெயரைக் கெடுத்தால் வழக்குப் போடத்தானே செய்வார்கள்? தமிழுக்கு உழைத்தவர்களைத் திட்டிவிட்டு இப்போது தியாகி வேஷமா? (சிங்கப்பூரிலிருந்து ஒரு ஐயா)

ஐயா, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. தமிழுக்காக ஓடியாடியவர்களை எடுபிடிகள் போல எழுதினால் வலிக்கும். நீதிமன்றத்துக்குப் போவது அவர்கள் உரிமை. அந்தக் கட்டுரையைச் சரிபார்க்காமல் விட்டது கட்சியின் தவறு என்றே நானும் நினைக்கிறேன்.

அப்படியானால் குறை எங்கே? (சென்னைக்காரர்)

எம்.பி.க்கள் எதற்குத் தனியாக வழக்குப் போட வேண்டும்? (கிள்ளானிலிருந்து இன்னொருவர்)

இருவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். நாலு வரித் திருத்தமும் மன்னிப்பும் போதாதா என்பது ஒரு கேள்வி. போதாது என்று அவர்கள் நினைத்தார்கள், சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. என் மனக்குறை வேறு இடத்தில். பணம் கட்ட முடியாமல் போனதும், அந்த ஆள் மக்கள் சார்பில் பேசும் உரிமையும் சேர்ந்தே போகிறது. 1986-ல் அபராதத் தொகை, 2001-ல் தவணைத் தொகை. இரண்டு முறையும் அவரை மன்றத்திலிருந்து வெளியேற்றியது வாக்குச்சீட்டு அல்ல.

அவர்கள் தமிழர்கள் இல்லையென்றால் இப்படிப் பேசுவீர்களா? (அதே சிங்கப்பூர் ஐயா)

பேசுவேன். கோ சோக் டோங் வழக்கையும் அப்படித்தான் பார்க்கிறேன். 1997 தேர்தல் கூட்டத்தில், சக வேட்பாளர் டாங் லியாங் ஹோங், அன்றைய பிரதமர் கோவுக்கும் கோவின் ஆட்களுக்கும் எதிராகக் காவல்துறையில் புகார் கொடுத்திருக்கிறார் என்று ஜெயரத்தினம் சொன்னார். அதற்கு முதலில் 20,000 வெள்ளி இழப்பீடு, மேல்முறையீட்டில் அது 1,00,000 ஆனது. லண்டனிலிருந்து வந்த ஜார்ஜ் கார்மன் அவருக்காக வாதாடினார். ஐயா, இந்த விவாதத்தை இங்கே நிறுத்திக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

1997-ல் தோற்றவர் எப்படி 2001-ல் எம்.பி.யாக இருந்தார்?

நல்ல கவனிப்பு. பல வேட்பாளர்கள் ஓர் அணியாக நிற்கும் செங் சான் குழுத்தொகுதியில் அவர் அணி 45 சதவீத வாக்கு வாங்கித் தோற்றது. தோற்ற எதிர்க்கட்சியினரில் அதிக வாக்கு சதவீதம் வாங்கியவர்களுக்குத் தொகுதியில்லா உறுப்பினர் என்று ஓர் ஏற்பாடு உண்டு. அதில்தான் உள்ளே போனார். செங் சான் கூட்டத்தில் நானும் நின்று கேட்டேன். பெரிய பேச்சாளர் என்று சொல்ல மாட்டேன். நீதிமன்றத்தில் வாதாடுவது போல நிறுத்தி நிறுத்திப் பேசுவார். கூட்டம் அசையாமல் நின்றது.

1988-ல், 1991-ல் ஏன் நிற்கவில்லை?

ஐந்தாண்டுத் தடை 1991 நவம்பரில் முடிந்தது. தேர்தல் அதற்கு முன்பே, ஆகஸ்டில் நடந்துவிட்டது.

லீ குவான் இயூ வழக்கால் பதவி போனதா?

மேலே இரண்டாவது பதிலைப் படியுங்கள்.

அந்த 2,000 வெள்ளி விதி இன்னும் இருக்கிறதா?

மாற்றிவிட்டார்கள், 2022-ல் 10,000 வெள்ளி ஆக்கினார்கள். 2025 பிப்ரவரியில் பாட்டாளிக் கட்சியின் பிரீதம் சிங்குக்கு ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் 7,000 வெள்ளி அபராதம் விதித்தபோது எம்.பி. பதவி போகவில்லை. பழைய விதி என்றால் போயிருக்கும்.

மகன்கள்?

கென்னத் அப்பா தொடங்கிய சீர்திருத்தக் கட்சியை நடத்தினார். ஃபிலிப் வழக்கறிஞர், பிறகு உயர் நீதிமன்ற நீதிபதி.

கடைசிக் காலத்தில் தெருவில் புத்தகம் விற்றாராமே?

ஆமாம். எம்ஆர்டி ரயில் நிலைய வாசல்களில் தான் எழுதிய புத்தகங்களைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். கடனில் 2,30,000 வெள்ளிக்கு மேல் கட்டி 2007-ல் திவால் நிலையிலிருந்து வெளியே வந்தார். எண்பதைத் தாண்டிய வயதில் மறுபடி வழக்கறிஞர் அங்கி போட்டார். 2008-ல் சீர்திருத்தக் கட்சியைத் தொடங்கினார், அடுத்த தேர்தலுக்கு நிற்பதாகத் திட்டம். செப்டம்பர் 30 அன்று இதயம் நின்றுவிட்டது, வயது 82. பிரதமர் லீ சியன் லூங் மகன்களுக்கு எழுதிய இரங்கல் கடிதத்தில், ஆளுங்கட்சியையும் ஆட்சி முறையையும் தகர்க்கப் பார்த்தவர் என்றும், ஆனாலும் அந்த விடாப்பிடியை மதிக்க வேண்டியிருக்கிறது என்றும் எழுதினார்.