அம்மாவுக்கு மனசு வந்ததா?

கேள்வி: எனக்கு 41 வயது. ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். இப்போது டவுனில் தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடு, உட்கார்ந்தபடி வேலை. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, தினமும் உடற்பயிற்சி செய் என்கிறார் டாக்டர். ஜிம்மில் பணம் கட்டிச் சேர்ந்து, இரண்டு மாதத்தில் நின்றுவிட்டேன். கையில் கட்டியிருக்கும் வாட்ச் 10,000 அடி நடக்கச் சொல்கிறது. என் அம்மா 50 வயதைத் தாண்டியும் விடியற்காலையில் எழுந்து, பால் எடுக்க ரப்பர் மரம் சீவப் போனவர். எனக்கு மட்டும் ஏன் மனசு வரமாட்டேன் என்கிறது?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அம்மாவைப் பற்றிச் சொல்லிவிட்டீர்கள், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். உங்கள் அம்மாவுக்கும் மனசு வந்திருக்காது, சகோதரி. அவரை எழுப்பியது பெரட்டு, அதாவது தோட்டத்து ஆள் கணக்கெடுப்பு. இருட்டோடு பெயர் வாசிப்பார்கள். அந்த நேரத்தில் ஆள் இல்லையென்றால் அன்றைய கூலி போய்விடும். வெயில் ஏறினால் பால் வரத்தும் குறையும். எழுவதா, இன்னும் கொஞ்சம் படுப்பதா என்று முடிவு செய்யும் உரிமையே அவருக்குக் கிடையாது. அப்படியிருக்க, உங்களை அவரோடு ஒப்பிட்டு ஏன் குறைத்துக்கொள்கிறீர்கள்?

"அந்தக் காலத்தில் நம் பெண்கள் ஜிம்முக்கா போனார்கள்? உழைப்பே உடற்பயிற்சி" என்று கல்யாண வீட்டு மேடையில் பேசுகிறவர்களோடு எனக்குப் பல வருடச் சண்டை. தோளில் சுமக்கும் காண்டாக் கம்பின் இரண்டு முனையிலும் பால் வாளியைத் தொங்கவிட்டு மேடு ஏறி இறங்கியது உடற்பயிற்சி அல்ல. உடற்பயிற்சி என்றால் களைத்தால் நிறுத்தலாம், வலித்தால் மறுநாள் ஓய்வெடுக்கலாம். அந்தத் தலைமுறைப் பெண்களின் தோளையும் முழங்காலையும் ஒருமுறை பார்த்துவிட்டு இவர்கள் மைக்கைப் பிடிக்கட்டும்.

தோட்டத்தில் உண்மையான உடற்பயிற்சி நடந்த இடம் திடல்தான். சாயங்காலம் பந்து உதைக்க ஆள் குறைந்தால் லயத்து வீட்டுக்கே வந்து கூப்பிடுவார்கள். ஆனால் அது ஆண்பிள்ளைகளின் திடல். இதே பேராக் மாநிலத்தில், தாப்பாவிலிருந்து வந்த ராஜாமணி என்ற பெண் 1966இல் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். அதே போட்டியில் கோலகங்சாரில் பிறந்த ஜெகதீசன் 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டிலும் தங்கம். கோலகங்சார் உங்களுக்குப் பக்கத்து ஊர். இருவரையும் கொண்டாடினோம், சரி. அதற்குப் பிறகு பெண்பிள்ளைகளுக்கென்று வாரத்தில் ஒரு மாலை திடலை ஒதுக்கிய தோட்டங்கள் எத்தனை? அப்புறம் தோட்டங்கள் துண்டாயின, செம்பனை வந்தது, தாமான்கள் எழுந்தன. வீடு கேட்டுப் போராடியவர்கள் உண்டு. திடலையும் சேர்த்துக் கேட்டவர்கள் குறைவு. இதை நான் எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது.

இனி உங்கள் சர்க்கரை. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4. எல்லைக்கோட்டில் நிற்கிற உங்களுக்குத் திரும்பி வர இன்னும் வழி இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். 10,000 அடிக் கணக்கை விடுங்கள். அது 1960களில் அடி எண்ணும் கருவி விற்ற ஜப்பானிய நிறுவனம் பரப்பிய எண். உலகச் சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான பயிற்சி, இரண்டு நாள் தசைக்கு வலு தரும் பயிற்சி. இரவுச் சாப்பாடு முடிந்ததும் 15 நிமிடம் நடப்பதிலிருந்து தொடங்குங்கள். சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை, நடக்கும்போது வேலை செய்யும் தசைகள் இழுத்துக்கொள்ளும்.

மனசு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பெயர் வாசிக்க ஓர் ஆளைத் தேடுங்கள். நீங்கள் ஜிம்முக்குப் போகாமல் நின்றபோது "ஏன் வரவில்லை" என்று யாராவது கேட்டார்களா? உங்கள் தாமானில், உங்கள் வரிசையிலேயே, சர்க்கரை மாத்திரை போடுகிற பெண்கள் இருப்பார்கள். ஒருவரிடம் போய், "அக்கா, ராத்திரி எட்டரைக்கு வாசலில் நிற்கிறேன்" என்று சொல்லிவையுங்கள். நீங்கள் வராத அன்று அவர் வந்து உங்கள் கேட்டைத் தட்டட்டும். அவர் வராத அன்று நீங்கள் தட்டுங்கள்.

இருட்டுக்கும் நாய்க்கும் பயமாக இருந்தால் கோயில் வளாகம் இருக்கிறது. மண்டபத்துக்கு ஏர்கண்டிஷன் போட வீடு வீடாக வந்து வசூலிக்கும் கமிட்டிகள், வளாகத்தைச் சுற்றி நடக்க நாலு விளக்குப் போட ஏன் தயங்க வேண்டும்? பூஜை முடிந்ததும் பூட்டாமல் ஒன்பதரை வரை கேட்டைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். தனியாகப் போகாதீர்கள், ஐந்து பெண்கள் சேர்ந்து போய்க் கேளுங்கள். மறுத்தால் எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் அதுதான் முதல் கேள்வி.