பாறைத் தாயும் இரண்டு நண்பர்களும்: கேள்வி பதில்

இந்த முறை எடுத்துக்கொண்டது ‘ஸ்டார் டிரெக்’ என்னும் அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சிக் கதையின் முதல் தொடரில் 1967 மார்ச் 9ஆம் தேதி ஒளிபரப்பான அத்தியாயம் ‘தி டெவில் இன் த டார்க்’. ஜேனஸ் ஆறு என்ற கோளின் சுரங்கத்தில் ஐம்பது பேரை ஏதோ ஒன்று அமிலத்தால் கரித்துக் கொன்றிருக்கிறது. விண்கப்பலின் கேப்டன் கர்க், உணர்ச்சியை அடக்கும் வல்கன் இனத்து ஸ்போக், டாக்டர் மெக்காய் மூவரும் போய்ப் பார்த்தால், அது ஹார்ட்டா என்னும் பாறை உயிர், சிலிக்கனால் ஆனது. சுரங்கக்காரர்கள் வெறும் கல் உருண்டை என்று உடைத்துத் தள்ளியதெல்லாம் அதன் முட்டைகள். கடைசியில் ஸ்போக் தன் மனத்தை அதன் மனத்தோடு இணைத்துப் பேச, இரு தரப்புக்கும் ஓர் உடன்பாடு வருகிறது.

கணினிச் சில்லுக்கான சிலிக்கன் தகடுகளைக் கையாளும் வேஃபர் ஆலையில் ரசாயனப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். வேதியியல் கேளுங்கள், இந்த அத்தியாயத்தைக் கேளுங்கள். மற்றது வேண்டாம்.

தெம்பனிஸ் மாணவி: ஸ்போக்குக்கு உணர்ச்சியே இல்லை என்கிறார்கள். ஆனால் சுரங்கத்தில் அவர் பதறினாரே அங்கிள்?

சரியான இடத்தைப் பிடித்தீர்கள் அம்மா. முதல் பாதியில் ஹார்ட்டாவைப் பிடித்தால் போதும், கொல்ல வேண்டாம் என்று காவலர்களிடம் சொல்கிறவர் ஸ்போக்தான். அந்த இனத்தில் மிஞ்சியது அது ஒன்று மட்டும் என்றால் அதை அழிப்பது குற்றம் என்பது அவர் கட்சி. கர்க் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கண்டால் சுடு என்று உத்தரவு. ஸ்போக்கை அணுஉலைப் பக்கம் அனுப்பிவிடவும் பார்க்கிறார், கப்பலின் முதல் இரண்டு அதிகாரிகளும் சேர்ந்து சாகக்கூடாதாம். ஸ்போக் என்ன செய்கிறார்? இருவரும் சேர்ந்து சாக வாய்ப்பு 2,228.7க்கு ஒன்றுதான் என்று கணக்குச் சொல்லிக் கூடவே நின்றுவிடுகிறார். ‘உங்களைத் தனியே விடமாட்டேன்’ என்பதைத் தசமப் புள்ளியோடு சொல்கிற ஆள்!

பிறகு சுரங்கம் சரிந்து கர்க் அந்தப் பக்கம் ஹார்ட்டாவோடு தனியே மாட்டிக்கொள்கிறார். அது பாயவில்லை. ஆயுதத்தைப் பார்த்துத் தயங்குகிறது, உடம்பில் காயம் தெரிகிறது. கர்க் சுடவில்லை. தொடர்புக் கருவியின் மறுமுனையில் ஸ்போக்கோ உடனே கொல்லச் சொல்லித் துடிக்கிறார். உயிரோடு வேண்டும் என்றது நீங்கள்தானே என்று கர்க் திருப்பிக் கேட்கும்போது இருவரும் கட்சி மாறி நிற்கிறார்கள். கர்க்கை மாற்றியது எதிரில் நிற்கும் உயிர். ஸ்போக்கை மாற்றியது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மாட்டிய நண்பன். இந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் மீதி அத்தியாயம் இருக்கிறது என்பேன்.

ஜூரோங் வெஸ்ட் வாசகர்: சிலிக்கன் உயிர் சாத்தியமா சார்?

கதையில் அழகு, வேதியியலில் கஷ்டம். நிறையைப் பார்த்தால் பூமியின் மேலோட்டில் சிலிக்கன் ஏறக்குறைய 28 விழுக்காடு. ஆக்சிஜனுக்கு அடுத்து அதுதான். கார்பனைப் போலவே நான்கு கை கொடுக்கும். ஆனாலும் இங்கே உயிர் அதை முதுகெலும்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கார்பன் ஆக்சிஜனோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு, அதாவது வாயு. ஊதி வெளியே விட்டுவிடலாம். சிலிக்கன் சேர்ந்தால் சிலிக்கா, அதாவது மணல். உருக்கவே சுமார் 1,700 டிகிரி செல்சியஸ் வேண்டும். நாம் காற்றை விடுகிற மாதிரி ஹார்ட்டா மணலை மூச்சாக விட வேண்டியிருக்கும். தவிர, சிலிக்கன் அணுக்கள் தங்களுக்குள் போடும் பிணைப்பு கார்பனுடையதைவிட பலவீனம். தண்ணீரும் ஆக்சிஜனும் உள்ள இடத்தில் நீண்ட சங்கிலி தாங்காது.

அமிலத்தில் மட்டும் எழுதியவர் ஜீன் கூன் தப்பித்துவிட்டார், அது எந்த அமிலம் என்று பெயர் சொல்லவில்லை. ராஜதிராவகம் தங்கத்தைக் கரைக்கும், கண்ணாடியை ஒன்றும் செய்யாது. சிலிக்காவைத் தின்பது ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். வேஃபர் மேல் படியும் ஆக்சைடை உரிக்க ஆலைகளில் அதைத்தான் பயன்படுத்துவோம். இங்கே ஒரு எச்சரிக்கை: சில துரு நீக்கிகளிலும் அது உண்டு. நீர்த்தது பட்டால் உடனே எரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் வலிக்கும். அதற்குள் தோலுக்கடியில் இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், இதயம் வரை ஆபத்து. நிறைய தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், கால்சியம் குளுகோனேட் களிம்பு இருந்தால் தடவுங்கள், சிங்கப்பூரில் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.

பொங்கோல் அப்பா: மகனின் பள்ளித் திட்டப்பணிக்கு ஹார்ட்டா மாதிரி கல்லைக் கரைத்துக் காட்டலாமா?

எலுமிச்சைச் சாறும் சுண்ணாம்புக்கல்லும். அதற்கு மேல் போகக்கூடாது. துரு நீக்கி பாட்டிலைத் தொடவே தொடாதீர்கள்.

யீஷூன் வாசகர்: ஸ்போக்குக்கு உணர்ச்சி உண்டா இல்லையா?

தெம்பனிஸ் பெண்ணுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

அங் மோ கியோ அக்கா: ஹார்ட்டா உடைக்குள் இருந்தது யார்? அதன் காயத்தில் மெக்காய் பூசுகிற சிமெண்ட் நிஜமா?

உள்ளே தவழ்ந்தவர் யானோஸ் ப்ரோஹாஸ்கா. ஹங்கேரியில் பிறந்தவர், விநோத உயிர்களின் உடையைத் தானே செய்து தானே போட்டுக்கொள்வார். சிமெண்ட் கதைக்கு ஏற்ற பொய்தான். சிலிக்கன் உடம்புக்கு சிலிக்கன் கலந்த கட்டு. ‘நான் டாக்டர், கொத்தனார் இல்லை’ என்று முணுமுணுத்துக்கொண்டே மெக்காய் அதைப் பூசிக் குணப்படுத்திவிட்டுப் பெருமையில் மிதப்பதைக் கவனியுங்கள். மூவரில் வாய் அதிகம் அவருக்கு, வேலை என்று வந்தால் முதலில் குனிவதும் அவர்.

பிடோக் வாசகர்: முடிவுதான் எனக்கு ஆகவில்லை அண்ணே. முட்டையை உடைத்தவர்கள் முதலாளி. பொரிந்த குஞ்சுகள் சுரங்கம் தோண்டும், தாது மனிதர்களுக்கு. இதற்குப் பெயர் சமாதானமா?

குஞ்சுகள் எப்படியும் பாறையைக் குடைந்துகொண்டுதான் போகும், அது அவற்றின் நடை. முட்டைகளை யாரும் தொடமாட்டார்கள். அந்த அம்மா கேட்டது அதுதானே?

தெலோக் பிளாங்கா வாசகர்: பாறை தின்கிற உயிருக்குச் சம்பளம் எதற்கு? பிடோக் அண்ணன் எல்லாவற்றிலும் அரசியல் பார்க்கிறார்.

பிடோக் வாசகர்: இந்தச் சிங்கப்பூரிலிருந்துகொண்டு பார்க்காமல் எப்படி? செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியது யார்?

விவாதம் இங்கேதான் போகும் என்று நினைத்தேன். 1825 முதல் 1873 வரை இந்தியாவிலிருந்து கைதிகளைக் கொண்டுவந்து இங்கே சாலையும் கட்டடமும் போட வைத்தார்கள். அந்தத் தேவாலயமும் இன்றைய அதிபர் மாளிகையான இஸ்தானாவும் அவர்கள் கை வேலை. தேவாலயத்தின் உட்சுவரில் பூசியது மெட்ராஸ் சுண்ணாம்பு. சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர் எல்லாம் சேரும். (முட்டை எப்படியோ வந்துவிடுகிறது.) ஆனால் கைதியிடம் யாரும் உடன்பாடு கேட்கவில்லை. ஹார்ட்டாவிடம் கேட்டார்கள். அதற்குச் சம்மதிக்காமல் இருக்கவும் முடியும்.

பிடோக் வாசகர்: எப்படி முடியும்? சுரங்கத்தின் அணுஉலை பம்பைத் தூக்கி ஒளித்ததுதான் அதன் ஒரே பிடி. உடன்பாட்டுக்கு முன்பே கர்க் அதைத் திரும்ப எடுத்துவிட்டாரே!

உண்மை. ஆனாலும் அமிலம் மிச்சம் இருக்கிறது. ஆயிரக்கணக்கில் குஞ்சுகள் வரப்போகின்றன. 50,000 ஆண்டுக்கு ஒருமுறை இனமே மடிந்து, முட்டைகளைக் காக்க ஒருத்தி மட்டும் மிஞ்சுவாள் என்று கதை சொல்கிறதே, அந்த ஒருத்தியாக நின்றவள் இனி தனியாள் இல்லை. பலம் அந்தப் பக்கமும் இருக்கிறது.

செங்காங் வாசகர்: மாமா, ஸ்போக்குக்கு உணர்ச்சி...

மேலே. மேலே. மேலே.

புக்கிட் பாஞ்சாங் வாசகி: ஏன் ஒரு பெண்கூடப் பேசவில்லை?

அந்த முதல் தொடரிலேயே பெண் நடிகர் யாருக்கும் வசனம் இல்லாத அத்தியாயம் இதுதான். தாயைப் பற்றிய கதையில்! அந்தத் தாய்க்கும் ஸ்போக்கின் வாய்தான் கிடைக்கிறது.

பிடோக் வாசகர்: நானும் அதற்குத்தான் வருகிறேன். ஸ்போக் கப்பலேறிப் போனபின் ஹார்ட்டாவுக்காக யார் பேசுவார்?

இதற்கு உட்கார்ந்து பதில் சொல்லலாம். ஸ்போக்கின் மனத்தைத் தொட்டபோது அது எழுத்தையும் எடுத்துக்கொண்டது. பாறையில் பொறித்துக் காட்டுகிறது, ஆக எழுதத் தெரியும். ஆனால் படித்துக் கேட்கிற ஆள் அந்தச் சுரங்கத்தில் யார்? தலைமைப் பொறியாளர் வாண்டர்பர்க், பழகிவிட்டால் பார்க்க மோசமில்லை என்று குஞ்சுகளைப் பற்றிச் சொல்வதோடு சரி. தாது குறைந்த வருடம் முதலில் உடைபடப்போவது அந்த உடன்பாடு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நான் கர்க்காக இருந்தால் சுரங்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளரை நிரந்தரமாக வைத்துவிட்டு, அவருக்குச் சம்பளம் சுரங்கக் கணக்கிலிருந்து வராதபடி பார்த்துக்கொண்டிருப்பேன். தெலோக் பிளாங்காவுக்கு மறுப்பு இருந்தால் எழுதட்டும். துரு நீக்கி பற்றிய மற்ற கேள்விகளுக்கு அந்தப் பாட்டிலின் ஒட்டுச்சீட்டைப் படியுங்கள்.