சுடர் ஆடணும், அணையக் கூடாது: பிள்ளைகளின் மூச்சு விளையாட்டு, கேள்வி பதில்

காட்பாடியில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். பதினேழு வருடமாகப் பிள்ளைகளின் நெஞ்சுச் சளியோடுதான் குடித்தனம். வீசிங், அடிக்கடி வரும் நிமோனியா, நெஞ்சு ஆபரேஷன் என்று வரும் பிள்ளைகளுக்கு வீட்டில் என்ன விளையாட்டு காட்டலாம் என்று பெற்றோர் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் டாக்டர் கொடுத்த மருந்தோடு சேர்த்துச் செய்வது. மருந்தை நிறுத்திவிட்டுச் செய்வது அல்ல.

சத்துவாச்சாரியிலிருந்து ஒரு அம்மா: ஆறு வயதுப் பையனுக்கு ஆஸ்துமா. தினம் பலூன் ஊதினால் நுரையீரல் பலமாகும் என்கிறார்கள். ஊதச் சொல்லலாமா?

பலூன் வேண்டாம்மா. வெடித்த பலூன் துண்டோ ஊதாத பலூனோ தொண்டைக்குள் போனால் அப்படியே ஒட்டிக்கொண்டு மூச்சை அடைத்துவிடும். எட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையின் கையில் நான் பலூனே கொடுப்பதில்லை.

இன்னொன்று, உங்கள் பையனுக்குப் பலம் குறைச்சல் இல்லை. மூச்சுக்குழாய் சுருங்கி, உள்ளே போன காற்று முழுதாக வெளியே வராமல் மாட்டிக்கொள்கிறது. முக்கி ஊதினால் சுருங்கிய குழாய் இன்னும் நசுங்கும். அவன் பழக வேண்டியது மெதுவாக, நீளமாக ஊதுவது.

மேசையில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, அவன் கையெட்டும் தூரத்தில் வையுங்கள். நீங்கள் பக்கத்திலேயே இருங்கள். மூக்கால் இழுத்து, சீழ்க்கை அடிப்பது போல உதட்டைக் குவித்து ஊத வேண்டும். சுடர் சாயணும், ஆடணும், அணையக் கூடாது. முதல் நாள் பிறந்தநாள் கேக்கில் ஊதுவது போல ஒரே ஊதில் அணைத்துவிட்டுச் சிரிப்பான். விடுங்கள். நாலாம் நாள் நீங்கள் விரல் விட்டு எண்ண எண்ண, அஞ்சு வரைக்கும் சுடரைச் சாய்த்து வைத்திருப்பான். நெருப்பு பயமாக இருந்தால் செய்தித்தாளில் ஒரு கீற்று கிழித்து முகத்துக்கு முன் தொங்கவிட்டு, அதைத் தூக்கி நிறுத்தச் சொல்லுங்கள். வீட்டில் ஆக்சிஜன் வைத்திருக்கும் பிள்ளைக்குக் கீற்று மட்டும்தான், மெழுகுவர்த்தி கூடவே கூடாது.

ஐந்தாறு முறை ஊதியதும் ஓய்வு கொடுங்கள். தலை சுற்றுகிறது, விரல் மரத்துப் போகிறது என்றால் அளவுக்கு மீறி ஊதிவிட்டான் என்று அர்த்தம். உட்கார வைத்தால் சரியாகிவிடும்.

குடியாத்தத்திலிருந்து ஒரு தாத்தா: எட்டு வயதுப் பேரனுக்கு நுரையீரலின் அடியில் சளி தேங்கியிருக்கிறது. பாட்டில் தண்ணீரில் ஊதச் சொன்னார்கள். ஜூஸ் ஸ்ட்ரா போட்டுக் கொடுத்தேன். முகம் சிவந்து போகிறது, சளி வரவில்லை.

ஐயா, கோளாறு ஸ்ட்ராவில்தான். இந்த விளையாட்டின் கணக்கே தண்ணீரின் ஆழம். குழாயின் முனை 10 செ.மீ. தண்ணீருக்குள் இருந்தால், அத்தனை தண்ணீரையும் தள்ளிக்கொண்டுதான் மூச்சு வெளியே வர வேண்டும். அந்த எதிர்ப்பு நெஞ்சுக்குள் சின்னக் குழாய்களை மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. காற்று சளிக்குப் பின்பக்கம் புகுந்து அதை மேலே தள்ளுகிறது. ஸ்ட்ரா ஒல்லி என்பதால் அதுவே தனியாக ஒரு எதிர்ப்பைச் சேர்க்கிறது. பையன் முக்குகிறான்.

ஹார்டுவேர் கடையில் கொத்தனார் மட்டம் பார்க்கும் லெவல் டியூப் கேளுங்கள். உள் அகலம் 8 முதல் 10 மி.மீ. இருக்கட்டும், புதிதாக அரை மீட்டர் போதும். மீன் தொட்டி டியூப் வேண்டாம், அதுவும் ஒல்லிதான். ஒரு லிட்டர் பாட்டிலில் அடியிலிருந்து ஸ்கேல் வைத்து 10 செ.மீ. அளந்து ஸ்கெட்ச்சில் கோடு போட்டு, அதுவரை தண்ணீர் ஊற்றுங்கள். டியூப் அடியைத் தொட வேண்டும். பாட்டிலின் வாய் திறந்தே இருக்கணும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அழகு பார்த்து மூடியில் ஓட்டை போட்டு டியூபை இறுக்கிச் சொருகிக் கொடுத்தேன். காற்று போக வழியில்லாமல் தண்ணீர் டியூபில் ஏறிப் பையன் வாய்க்கே வந்துவிட்டது. அன்றைக்கு அவன் பாட்டியிடம் நான் வாங்கியது இன்னும் காதில் இருக்கிறது.

பேரன் நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்கையை மேசையில் ஊன்றிக்கொள்ளட்டும். சாதாரணத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக மூச்சு இழுத்து, குமிழி விடாமல் வரும்படி ஊத வேண்டும். எட்டுப் பத்து தடவை ஊதியதும், கண்ணாடியில் ஆவி படிய வைப்பது போல வாயைத் திறந்து 'ஹா' என்று இரண்டு முறை. அப்புறம் ஒரு இருமல். இது ஒரு சுற்று. இப்படி நாலைந்து சுற்று. அந்த 'ஹா'வைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சளியைத் தொண்டை வரை கொண்டுவருவதே அதுதான். இரண்டு சொட்டு பாத்திர சோப்பும் கலர் பொடியும் போட்டால் நுரை மலை பாட்டிலைத் தாண்டி வழியும், அடியில் ஒரு தாம்பாளம் வையுங்கள். ஊதாமல் உறிஞ்சிவிடும் சின்னப் பிள்ளைக்கு மட்டும் சோப்பு கூடாது.

சாப்பிடுவதற்கு முன்னால் செய்யுங்கள், இல்லையென்றால் சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து. ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீர். தினமும் பாட்டிலையும் டியூபையும் கழுவிக் கவிழ்த்துக் காய வையுங்கள். ஈர டியூபில் வளரும் கிருமியை நாமே நெஞ்சுக்குள் அனுப்பக் கூடாது. சளியில் ரத்தம் தெரிந்தாலோ திடீரென்று நெஞ்சு வலித்தாலோ ஊதுவதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

ராணிப்பேட்டை அம்மா: சளி வருகிறது, ஆனால் துப்பத் தெரியாமல் முழுங்கிவிடுகிறாள்.

முழுங்கட்டும். நெஞ்சை விட்டு வெளியே வந்ததே லாபம். சில நேரம் வாந்தியோடு வரும், பயப்படாதீர்கள்.

பேரணாம்பட்டிலிருந்து: வீட்டில் பீடி சுற்றுகிறேன் அக்கா. யாரும் பிடிப்பதில்லை. அந்தத் தூளால் பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா?

ஆகும்மா. புகையே இல்லாவிட்டாலும் புகையிலைத் தூள் மூச்சுக்குழாயை உறுத்தும். பிழைப்பை விடுங்கள் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? முறத்தைத் திண்ணையில் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளை படுக்கும் அறைக்குள் தூளும் இலையும் வர வேண்டாம். பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள். கை கழுவி, சேலை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். அதே அறையில் கொசுவர்த்திச் சுருள் எரிகிறதென்றால் அதை எடுத்துவிட்டு வலை கட்டுங்கள்.

ஆற்காட்டிலிருந்து ஒரு அப்பா: ஒன்றரை வயது மகளுக்கு என்ன பயிற்சி? என் அம்மா அவள் முதுகில் தட்டச் சொல்கிறார்.

இந்த வயதில் சொன்னபடி ஊத வராது. நீங்கள் சோப்புக் குமிழி ஊதுங்கள், அவள் துரத்திப் பிடிக்கட்டும். ஓட்டமும் சிரிப்பும்தான் அவளுக்குப் பயிற்சி. குழந்தைக்கு முதல் முறை வைரஸால் வரும் வீசிங்குக்கு முதுகில் தட்டுவதால் பலன் இல்லை, குழந்தை சோர்ந்து போவதுதான் மிச்சம். பாட்டியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

அப்படியே இன்னொன்று. வேர்க்கடலை நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இறைந்து கிடக்கும். ஊதி உருட்டி விளையாட அதையோ புளியங்கொட்டையையோ கொடுத்துவிடாதீர்கள். பிங்பாங் பந்து கொடுங்கள். கடலை வாயில் இருக்கும்போது திடீரென்று இருமி, அப்புறம் விசில் சத்தம் கேட்டால், இருமல் அடங்கினாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

ஊரிலிருந்து வந்து தோட்டப்பாளையம் லாட்ஜில் தங்கியிருக்கிறோம். மகனுக்கு இதய ஆபரேஷன் முடிந்தது. மூன்று பந்து டப்பா கொடுத்தார்கள். எவ்வளவு ஊதினாலும் பந்து ஏறவில்லை.

ஊதினால் ஏறாது அண்ணா, அது உறிஞ்சுகிற டப்பா. இளநீரை ஸ்ட்ராவில் இழுப்பது போல மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். மூன்றும் ஏறியே ஆகணும் என்று இல்லை. ஒரு பந்தை மேலேயே இரண்டு மூன்று விநாடி நிறுத்தினால் அதுதான் வெற்றி. இருமும்போது தலையணையைத் தையல் மேல் அணைத்துக்கொண்டால் வலி குறையும்.

வீசிங் இருக்கும் பேத்திக்குக் கபாலபாதி கற்றுத் தரலாமா?

வேண்டாம். வெடுக் வெடுக்கென்று மூச்சைத் தள்ளுவது அவளுக்கு ஒத்துவராது. வண்டு போல 'ம்ம்ம்' என்று நீளமாக ரீங்காரமிடும் பிராமரி நல்லது. யார் மூச்சு நீளம் என்று தாத்தாவும் பேத்தியும் போட்டி போடுங்கள்.

அணைக்கட்டு பக்கம் பள்ளி ஆசிரியை: வகுப்பில் ஒரு மாணவனுக்கு மூச்சிரைப்பு வந்தால் இந்த ஊதல் விளையாட்டு காட்டலாமா?

கூடாது டீச்சர். அது விளையாட்டு நேரமே இல்லை. நிமிர்த்தி உட்கார வைத்து, அவன் பையில் இருக்கும் இன்ஹேலரை ஸ்பேசரோடு (இன்ஹேலரின் வாயில் மாட்டும் குடுவை), டாக்டர் எழுதிக் கொடுத்த அளவுக்குக் கொடுங்கள். ஒவ்வொரு பஃப்பையும் தனித்தனியாக அடித்து, ஐந்தாறு மூச்சு இழுக்க விடுங்கள். விலா எலும்புக்கு இடையில் சதை உள்வாங்கினாலோ, ஒரு முழு வாக்கியம் பேச முடியாவிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, இன்ஹேலருக்கு அடங்காவிட்டாலோ உடனே 108. வண்டி வரும் வரை இன்ஹேலரை நிறுத்த வேண்டாம்.

கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் வாங்கிய பீப்பியும் காத்தாடியும் இருக்கின்றன. போதுமா?

தாராளமாகப் போதும். காத்தாடி வேகமாகச் சுற்றுவதைவிட நிற்காமல் சுற்றுகிறதா என்று பாருங்கள். பீப்பிக்குள் இருக்கும் சின்ன ஊதுகட்டை கழன்று வருகிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று, எச்சில் மாற வேண்டாம். மத்தியானம் தாத்தா தூங்கும் நேரத்தில் மட்டும் ஒளித்து வைத்துவிடுங்கள்.