திராட்சைப் பந்தலும் அடங்கல் கணக்கும்: வாசகர் கேள்வி-பதில்

ஒன்றரை ஏக்கரில் பன்னீர் திராட்சை. தொடர்மழையில் பழமெல்லாம் வெடித்துவிட்டது. அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்கில்) 'தரிசு' என்று இருக்கிறது. நிவாரணம் கிடைக்குமா?
- வாசகர், சுருளிப்பட்டி

அடங்கலைத் திருத்தாவிட்டால் கஷ்டம்தான். வருவாய்த் துறையும் தோட்டக்கலைத் துறையும் சேதம் பார்க்க வரும்போது, உங்கள் புல எண்ணுக்கு நேரே என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்றுதான் முதலில் பார்ப்பார்கள். மத்திய அரசின் 2022-26 பேரிடர் நிவாரண வரையறைப்படி, 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதமான, திராட்சை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு ஹெக்டேருக்கு 22,500 ரூபாய். உச்சவரம்பு 2 ஹெக்டேர். ஒன்றரை ஏக்கர் என்பது 60.7 ஏர்ஸ் (100 ஏர்ஸ் ஒரு ஹெக்டேர்), ஏறக்குறைய 13,650 ரூபாய். அதுவே 40 ஏர்ஸ் என்று பதிவாகியிருந்தால் 9,000 ரூபாய்தான். பயிர்ப் பெயரோடு பரப்பையும் சரிபாருங்கள்.

கம்பம் பள்ளத்தாக்கில் இந்தத் தவறு நேர இடமிருக்கிறது. இங்கே வருடம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் கவாத்து (கிளை வெட்டுதல்) நடக்கும். வெட்டிய புதிதில் பந்தலில் இலையே இராது. பயிர்க் கணக்கெடுப்பாளர் செல்போனில் படம் எடுத்தால் கல்தூணும் கம்பியும்தான் விழும்; தரிசு என்று பதிந்துவிடக்கூடும். அன்றைக்கு நீங்கள் கூட நின்று அடித்தண்டைக் காட்ட வேண்டும். பக்கத்துப் புலத்தில் நின்று பதிந்துவிட்டாலும் கணக்கு மாறிப்போகும்.

இப்போது செய்ய வேண்டியது: புல எண், உட்பிரிவு, கவாத்து வெட்டிய தேதி எழுதி, பட்டா நகலும் அடித்தண்டு தெரியும் படமும் வைத்து வி.ஏ.ஓ.விடம் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஆய்வு முடியும்வரை இரண்டு வரிசைக் குலைகளையாவது வெட்டாமல் விடுங்கள். ஜூலை 1-ல் புதுப் பசலி (வருவாய்க் கணக்கு ஆண்டு) பிறக்கும். ஒவ்வொரு பசலியிலும் அடங்கலை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பட்டா, காலமான அப்பா பெயரில் இருக்கிறது. விவசாயி அடையாள எண் வாங்க முடியுமா?
- வாசகர், கூடலூர்

முதலில் வாரிசுச் சான்று, பிறகு இ-சேவை மையத்தில் பட்டா மாறுதல். அதன் பின் ஆதார், அதோடு இணைத்த செல்போன், பட்டா மூன்றையும் கொண்டுபோனால் பதிவு நடக்கும். ஆதாரிலும் பட்டாவிலும் பெயர் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டு போங்கள்.

மருந்து அடித்த விவரத்தை எல்லாம் ஏன் எழுதிவைக்கச் சொல்கிறார்கள்?
- வாசகர், உத்தமபாளையம்

2010-ல் இந்தியத் திராட்சையில் குளோர்மெக்வாட் எச்சம் இருந்ததால் ஐரோப்பாவில் சரக்கு தேங்கி, மகாராஷ்டிர விவசாயிகள் பெரிய நஷ்டப்பட்டார்கள். கொடி ஓட்டத்தை அடக்க அடிக்கும் மருந்து அது. ஐரோப்பாவுக்குப் போகும் பழத்தை எந்தத் தோட்டத்தது என்று தேடிப் பிடிக்க மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி அமைப்பான அபேடா நடத்தும் 'கிரேப்நெட்' இணையப் பதிவில் தோட்டத்தையே பதிகிறார்கள். உள்ளூர்ச் சந்தைக்கு விற்றாலும் தேதி, மருந்தின் வேதிப்பெயர், டிரம் அளவு எழுதுங்கள்: '200 லிட்டருக்கு மான்கோசெப் 400 கிராம்' என்பதுபோல. பக்கத்தில், லேபிளில் உள்ள காத்திருப்பு நாளை (மருந்து அடித்தபின் அறுவடைக்குப் பொறுக்க வேண்டிய நாட்களை) கூட்டி, எந்தத் தேதிக்கு முன் குலை வெட்டக்கூடாது என்றும் குறித்துவிடுங்கள்.