கேள்வி–பதில்: கிட்டார் டேப்புக்குக் காசு கொடுக்கும் முன்

போனில் டேப் திறந்தால் ஆறு வரியும் உடைந்து ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது. பெரிய திரை உள்ள போன் வாங்கினால் சரியாகிவிடுமா?

வேண்டாம், காசை வையுங்கள். டேப் என்பது ஆறு ஸ்ட்ரிங்குக்கு ஆறு வரி போட்டு, கிட்டார் கழுத்தில் எந்தக் கட்டத்தை (ஃப்ரெட்) அழுத்துவது என்று எண்ணால் காட்டும் குறிப்பு. இணையத்தில் கிடைக்கும் சாதாரண டேப் வெறும் எழுத்துதான். கோடும் எண்ணுமாக, --3--5--7-- என்று ஒரு வரி எழுபது எண்பது எழுத்துக்கு ஓடும். நிமிர்த்திப் பிடித்த போனில் அதில் பாதிதான் அடங்கும், மீதி அடுத்த வரிக்கு இறங்கிவிடும். முதல் ஸ்ட்ரிங்கின் வால் இரண்டாம் ஸ்ட்ரிங்கின் தலைமேல் வந்து உட்கார்ந்தால் எதை வாசிப்பீர்கள்? போனைக் குறுக்காகத் திருப்புங்கள், எழுத்தளவை இரண்டு படி குறையுங்கள். டேப்பை நோட்ஸ் செயலியில் ஒட்டி வைப்பவர் என்றால், எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் தரும் எழுத்துருவுக்கு மாற்றுங்கள். சாதாரண எழுத்துருவில் கோடு ஒரு அகலம், எண் ஒரு அகலம் என்பதால், வரி உடையாவிட்டாலும் மேலும் கீழும் நேராக நிற்காது. எந்த ஸ்ட்ரிங்கோடு எந்த ஸ்ட்ரிங்கைச் சேர்த்து மீட்டுவது என்பதே தெரியாமல் போகும்.

மகள் ஒரு பாட்டைக் கற்றுக்கொள்ள ஒரு டேப் செயலியை இறக்கினாள். ஏழு நாள் இலவசம் என்றார்கள். மூன்றாம் நாளே செயலியை நீக்கிவிட்டோம். ஆனாலும் ஒரு வருடச் சந்தாவை மொத்தமாகப் பிடித்துவிட்டார்கள். எங்கள் தவறா?

உங்கள் தவறு இல்லை. நீக்கினால் முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அந்த நினைப்பை நம்பித்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

முதலில் செய்ய வேண்டியது. சந்தா செயலிக்குள் இல்லை, உங்கள் கணக்கில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு என்றால் கூகுள் ப்ளேயில் உங்கள் படத்தைத் தொட்டு, பணம் செலுத்துதல், சந்தா பகுதிக்குள் போங்கள். ஐபோன் என்றால் செட்டிங்ஸில் உங்கள் பெயரைத் தொட்டால் சந்தாக்கள் தெரியும். அங்கே ரத்து செய்தால்தான் ரத்து. பணத்தைத் திரும்பக் கேட்பதை இன்றைக்கே செய்யுங்கள். கூகுள் ப்ளேயில் பொதுவாக 48 மணி நேரத்துக்குள் கூகுளிடமே கேட்கலாம், அதைத் தாண்டினால் செயலி நிறுவனத்துக்கு எழுத வேண்டும். ஆப்பிளில் வாங்கிய பொருள் பற்றிப் புகார் சொல்லவென்று தனிப் பக்கம் இருக்கிறது. செயலியை ஒரே பாட்டுக்காக இறக்கியது, மூன்றாம் நாளே நீக்கியது, அதன் பிறகு ஒருமுறைகூடத் திறக்காதது, மூன்றையும் தேதியோடு எழுதுங்கள். இனி இலவச சோதனை எடுத்தால், எடுத்த கையோடு ரத்து செய்யுங்கள். பெரும்பாலும் மீதி நாட்களுக்குச் செயலி வேலை செய்யும். ஆப்பிள் கணக்கில் சோதனை முடிவதற்கு 24 மணி நேரம் முன்னதாகவே ரத்து செய்திருக்க வேண்டும், கடைசி நாள் வரை காத்திருந்தால் பணம் போய்விடும்.

அப்புறம், எனக்கு வெகுநாளாக இருக்கும் கோபம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு பாட்டுப் புத்தகம் வாங்கினால் அது உங்கள் அலமாரியில் இருக்கும். பத்து வருடம் கழித்துத் தூசி தட்டி எடுத்தாலும் வாசிக்கலாம், ஓரத்தில் பென்சிலால் எழுதிய விரல் எண்களும் அப்படியே இருக்கும். சந்தாவில் வாங்குவது பார்க்கும் அனுமதி மட்டும்தான். மாதக்கணக்கில் சேர்த்து வைத்த பட்டியல், எந்த இடத்தில் வேகம் குறைத்துப் பழகினீர்கள் என்ற குறிப்பு, உங்கள் குரலுக்கு ஏற்றபடி மாற்றிய சுருதி, எல்லாம் நீங்களே உட்கார்ந்து உழைத்தது. சந்தா நின்ற மறுநாள் பல செயலிகளில் அதற்கும் சேர்த்துப் பூட்டு விழுகிறது. டேப்புக்கு வாடகை கேட்கட்டும், அது அவர்கள் பொருள். என் குறிப்புக்கு என்னிடமே வாடகை கேட்பதை ஏற்கவே முடியாது.

அதனால் எந்த டேப் செயலிக்கும் காசு கொடுக்கும் முன் இரண்டு சோதனை செய்யுங்கள். ஒரு டேப்பைச் சேமித்துவிட்டு, போனை விமான முறையில் போட்டுத் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் நெட் இல்லாத இடத்தில் அந்தச் செயலியால் பயன் இல்லை. அடுத்து, அதே டேப்பைப் பிடிஎஃப் ஆகவோ கிட்டார் ப்ரோ (டேப்பை எழுதவும் ஓட்டிக் கேட்கவும் உதவும் மென்பொருள்) கோப்பாகவோ வெளியே எடுக்க முடிகிறதா என்று தேடுங்கள். முடிந்தால் வருடச் சந்தாவைக்கூட யோசிக்கலாம். முடியாவிட்டால் ஒரு மாதத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.

எல்லாப் பாட்டுக்கும் சரியான டேப் தரும் செயலி எது?

அப்படி ஒன்று இல்லை.

கணினிக்குக் கிட்டார் ப்ரோ காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். போனில் போட்டால் மறுபடி காசு கேட்கிறது. இது அநியாயம் இல்லையா?

கணினி உரிமம் வேறு, போன் செயலி வேறு. வாங்கும் முன் படித்திருக்கலாம். ஆண்ட்ராய்டில் வாங்கிய செயலி ஐபோனுக்கும் சேர்ந்து வராது, அதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

லட்சக்கணக்கான கிட்டார் ப்ரோ கோப்புகள் என்று ஒருவர் விற்றார். வாங்கினேன். பாதிக்கு மேல் போனில் திறக்கவே இல்லை. திறந்தவற்றில் பல, ஒரே பாட்டின் பிரதிகள். கேட்டால் பதில் இல்லை.

உங்களை ஏமாற்றியிருக்கிறார். இப்படி மூட்டையாக விற்கப்படுபவை பெரும்பாலும் ரசிகர்கள் கேட்டுக் கேட்டு எழுதி இலவசமாகப் பகிர்ந்தவை. விற்க அவருக்கு உரிமையே கிடையாது. விளம்பரம், பணம் கட்டிய ரசீது, நீங்கள் அனுப்பிய செய்திகள் மூன்றையும் படம் பிடித்து வைத்துக்கொண்டு, விற்பனைத் தளத்திலும் உங்கள் வங்கியிலும் புகார் கொடுங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கி மூலம் ஆட்சேபம் எழுப்ப வழி உண்டு. தாமதிக்காதீர்கள், அதற்குக் காலக்கெடு இருக்கும்.

திறக்காத கோப்புகளைத் தூக்கி எறியவும் வேண்டாம். கோப்பின் பெயருக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள். ஜிபி3, ஜிபி4, ஜிபி5 (.gp3, .gp4, .gp5) என்றால் பழைய வகை, அநேகமாக எல்லாச் செயலியும் படிக்கும். 2010இல் கிட்டார் ப்ரோவின் ஆறாம் பதிப்போடு ஜிபிஎக்ஸ் (.gpx) வந்தது. 2017இல் ஏழாம் பதிப்போடு, எண்ணே இல்லாமல் வெறும் ஜிபி (.gp) வந்தது. இந்த இரண்டில்தான் பழைய செயலிகள் திணறும். கணினி இருந்தால் டக்ஸ்கிட்டார், மியூஸ்ஸ்கோர் ஸ்டூடியோ என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசம், இந்த எல்லா வகையையும் திறக்கும். அங்கிருந்து பிடிஎஃப் ஆக்கிப் போனுக்கு அனுப்புங்கள். ஓட்டிக் கேட்கும் வசதி போய்விடும், ஆனால் எந்தப் போனிலும் தெரியும்.

புத்தகத்தை ஸ்கேன் செய்த பிடிஎஃப் பார்க்க 10 அங்குல டேப்லெட் போதுமா, 13 வேண்டுமா?

ஏ4 தாள் 210 மி.மீ. அகலம், 297 மி.மீ. உயரம். 10 அங்குல டேப்லெட்டில் அது மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கும். மேலே ஸ்வரக்குறி, கீழே டேப் என்று அச்சிட்ட பக்கம் என்றால், கை நீளத் தொலைவில் 3ஐயும் 8ஐயும் பிரித்துப் பார்க்கக் கண் வலிக்கும். 13 அங்குலத்தில் பத்தில் ஒன்பது பங்கு அளவு கிடைக்கும். வெறும் எழுத்து டேப், கிட்டார் ப்ரோ கோப்பு மட்டும் என்றால் 10 தாராளம். எழுத்து டேப்பில் எழுத்தளவை மாற்றலாம், கிட்டார் ப்ரோ கோப்பு திரைக்கு ஏற்ப மடங்கிக்கொள்ளும், ஸ்கேனில் இரண்டும் நடக்காது.

ஸ்டாண்டையும் கணக்கில் சேருங்கள். எந்த டேப்லெட்டையும் தாங்கும் என்ற விளம்பரத்தைப் பார்த்து, வளையும் கழுத்து உள்ள கிளாம்ப் ஒன்றை நான் வாங்கினேன். ஒவ்வொரு ஸ்ட்ரமுக்கும் திரை ஆடியது, இரண்டாவது பாட்டு முடிவதற்குள் தலை தொங்கிவிட்டது. எத்தனை கிராம் தாங்கும் என்று பெட்டியில் போடவே இல்லை. பெரிய டேப்லெட்டும் உறையும் சேர்ந்தால் ஒரு கிலோவை நெருங்கும். எடை எழுதாத கிளாம்ப்பைத் தொடாதீர்கள். மூன்று கால் உள்ள சாதாரண இசைத்தாள் ஸ்டாண்ட் போதும்.

செயலியில் டேப்பை ஓட்டினால் திரையில் கோடு முன்னால் போகிறது, சத்தம் பின்னால் வருகிறது. போன் பழுதா?

புளூடூத் ஹெட்போன் போட்டிருப்பீர்கள். ஒலி கம்பியில்லாமல் வந்து சேர நொடியில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ பிடிக்கும். வீடியோ செயலிகள் படத்தையும் அதே அளவு நிறுத்திவைத்து ஈடுகட்டும், டேப் செயலிகள் பலவும் அதைச் செய்வதில்லை. கம்பி உள்ள ஹெட்போனைச் செருகுங்கள். புளூடூத் கால் பெடலுக்கு இந்தக் கவலை இல்லை. அது போனுக்கு ஒரு விசைப்பலகை மாதிரிதான், பக்கம் திருப்பும் விசையை மட்டும் அழுத்தும். உங்கள் செயலி அந்த விசைகளை ஏற்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வாழ்நாள் சந்தா என்று ஒரு செயலிக்குக் கட்டினேன். இப்போது ஆப் கடையிலேயே அந்தச் செயலி இல்லை.

அது கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று கட்டும் முன் பார்த்தீர்களா? கடைப் பக்கத்திலேயே தேதி இருந்திருக்கும். பணம் திரும்ப வரும் வாய்ப்பு குறைவு. ஆனால் செயலி இன்னும் உங்கள் போனில் இருக்கிறது அல்லவா? அதை நீக்காதீர்கள், போனை ரீசெட் செய்யாதீர்கள், புதுப் போனுக்கும் இப்போது மாறாதீர்கள். உள்ளே சேமித்ததை ஒவ்வொன்றாக வெளியே எடுங்கள். ஏற்றுமதி வசதி இல்லையென்றால் பக்கம் பக்கமாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பாட்டின் பெயர், ட்யூனிங், கேப்போ (கழுத்தில் மாட்டும் கிளிப்) எந்த ஃப்ரெட்டில் என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள்.